கல் கிடக்கட்டும், சிறுநீரைக் கவனியுங்கள்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். வயது 61. பித்தப்பையில் கல் இருப்பதாக முன்பே ஸ்கேனில் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா பித்தப்பைப் புற்றுநோயில் இறந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. வயிற்று உப்புசம், புளித்த ஏப்பம் இருக்கிறது. இரண்டு வாரமாக உடம்பெல்லாம் அரிப்பு, சிறுநீரும் கறுத்துப் போகிறது. கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிறேன். ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சை பிழிந்து குடித்தால் கல் விழுந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. குடிக்கலாமா?

பதில்: குடிக்காதீர்கள். அப்படிக் குடித்து மறுநாள் பச்சையாக விழும் உருண்டைகள் கல் அல்ல, அந்த எண்ணெய் குடலில் சோப்புபோல் கட்டிக்கொண்டது.

ஏப்பமும் உப்புசமும் பாதி ஊருக்கு இருக்கிறது, விடுங்கள். கடிதத்தில் நடுவில் சொல்லிவிட்டுப் போனீர்களே, அரிப்பும் கறுத்த சிறுநீரும், அதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். சிறுநீர் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போகிறதா? மலம் வெளுத்திருக்கிறதா? பகல் வெளிச்சத்தில் வாசலில் நின்று, மகளை விட்டுக் கண்ணின் வெள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் தட்டினால் பித்தக் குழாய் எங்கோ அடைபட்டிருக்கலாம். பையிலிருந்த கல் நழுவிக் குழாயில் சிக்கியிருக்கலாம். அது அடிக்கடி நடப்பதுதான், வாய் வழியாக விடும் எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயால் எடுத்துவிடலாம். கட்டியாகவும் இருக்கலாம். வலியே இல்லாமல் வரும் காமாலையும், காரணமில்லாமல் எடை குறைவதும்தான் எனக்குக் கவலை தருபவை. எது என்பதை ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும்தான் சொல்லும். அடைத்த குழாயைக் கீழாநெல்லி திறக்காது. இங்கே காமாலை என்றாலே முதலில் கீழாநெல்லி, டாக்டர் கடைசியில். அதற்குள் அறுவை செய்யக்கூடிய காலம் போய்விடுகிறது.

புற்றுநோய்ப் பயத்துக்கு வருகிறேன். அது தொற்றாது. பித்தப்பைப் புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கல் இருந்திருக்கும், ஆனால் கல் உள்ளவர்களில் மிகச் சிலருக்குத்தான் புற்றுநோய் வருகிறது. பழைய ஸ்கேன் தாளைத் தேடி எடுங்கள். கல் 3 சென்டிமீட்டருக்கு மேல், சதை வளர்ச்சி 1 சென்டிமீட்டருக்கு மேல், அல்லது பையின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று எழுதியிருந்தால், தொல்லை இல்லாவிட்டாலும் பையை எடுப்பது பற்றிச் சர்ஜனிடம் பேச வேண்டும்.

ஆரம்பக் கட்டத்தில் இந்தப் புற்றுநோய் வாய் திறப்பதில்லை. பலருக்கும் கல்லுக்காகப் பையை எடுத்த பிறகு, லேப் ரிப்போர்ட்டில்தான் தெரியவருகிறது. மேலோட்டமாக இருந்தால் பையை எடுத்ததே போதும். சற்று ஆழமாக இறங்கியிருந்தால் ஒட்டியுள்ள கல்லீரல் பகுதியையும் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுப்பார்கள். பரவிவிட்டால் ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துகள். அண்மைக் காலமாக அவற்றோடு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோய்க்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபியும் சேர்க்கிறார்கள். காமாலை இறங்கப் பித்தக் குழாயில், அதைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழலை வைப்பதும் உண்டு.

நாளைக் காலையே அரசு கிளினிக்குக்குப் போங்கள். கண் மஞ்சளாக இருந்தால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலோ வயிற்றின் வலப்பக்கம் கடும் வலியோ வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், நேரே அவசரப் பிரிவு. கீழாநெல்லி குடித்ததை அங்கே மறைக்காதீர்கள், திட்டினாலும் பரவாயில்லை.