பக்கத்து ரூட்டர் ‘ஃபுல்’, ஆனால் பிங் போகவில்லை: மெய்நிகர் ரூட்டர் கேள்வி பதில்

லினக்ஸ் மெய்நிகர் இயந்திரத்தில் எஃப்ஆர்ஆர் என்ற ரூட்டர் மென்பொருளைப் போட்டு ரூட்டராக ஓட்டுபவர்கள் கேட்ட கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி மேற்கோளுக்குள் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: எஃப்ஆர்ஆர் நிறுவி, அதன் கட்டளைத் திரையான விடிஒய்எஸ்எச் திறந்து ‘ரூட்டர் ஓஎஸ்பிஎஃப்’ என்று அடித்தால் ஓஎஸ்பிஎஃப்டி ஓடவில்லை என்கிறது. நிறுவல் தவறிவிட்டதா அண்ணா?

பதில்: நிறுவல் சரியாகத்தான் இருக்கிறது. எஃப்ஆர்ஆரில் ஒவ்வொரு நெறிமுறைக்கும் பின்னணியில் ஓடும் ஒரு நிரல், அதாவது ஒரு டீமன். ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் தமக்குள் பாதைகளைப் பகிரும் நெறிமுறை) என்றால் ஓஎஸ்பிஎஃப்டி. பெரும்பாலானவை தொடக்கத்தில் அணைந்திருக்கும். இடிசி அடைவுக்குள் எஃப்ஆர்ஆர் அடைவில் ‘டீமன்ஸ்’ என்ற கோப்பு இருக்கிறது. அதில் ‘ஓஎஸ்பிஎஃப்டி=நோ’ என்பதை ‘யெஸ்’ ஆக்கிவிட்டு சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். ஜீப்ரா என்ற டீமன் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். மற்றவை கண்டுபிடித்த ரூட்டுகளை வாங்கி, அதில் சிறந்ததைத் தேர்ந்து லினக்ஸின் மையமான கர்னலிடம் கொடுப்பது அதன் வேலை.

அப்புறம் ‘ரூட்டர் ஓஎஸ்பிஎஃப்’ உள்ளே ‘நெட்வொர்க் 10.0.12.0/24 ஏரியா 0’ என்று போடலாம். அல்லது இன்டர்ஃபேஸுக்குள் (நெட்வொர்க் கார்டின் அமைப்புக்குள்) போய் ‘ஐபி ஓஎஸ்பிஎஃப் ஏரியா 0’ என்று போடலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். எந்தக் கார்டில் ஓஎஸ்பிஎஃப் ஓடுகிறது என்று அமைப்பைப் படித்தவுடன் தெரிந்துவிடும். இரண்டையும் கலக்க முயன்றால் எஃப்ஆர்ஆரே தடுத்துவிடும். பயனர்கள் இருக்கும் லான் பக்கத்தை ‘பாஸிவ்’ ஆக்க (அந்தப் பக்கம் ஓஎஸ்பிஎஃப் பேசாதபடி செய்ய) மறக்காதீர்கள்.

கேள்வி: நெய்பர் (பக்கத்து ரூட்டர்) ‘ஃபுல்’, அதாவது முழு உறவு என்று காட்டுகிறது. ரூட்டும் வந்திருக்கிறது. ஆனால் எனக்குப் பின்னால் இருக்கும் கணினியிலிருந்து அந்தப் பக்கம் பிங் போகவில்லை. எல்லா ‘ஷோ’ கட்டளையும் நன்றாக இருக்கிறது என்கிறதே?

பதில்: அதிகம் பேர் கேட்டது இதைத்தான். ஒவ்வொரு ‘ஷோ’ கட்டளையும் ஒவ்வோர் அடுக்கைக் காட்டுகிறது. ஓர் அடுக்கு நன்றாக இருந்தால் அடுத்ததும் நன்றாக இருக்கும் என்று பொருளில்லை. ‘ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்’ பக்கத்து ரூட்டருடன் பேச்சு நடக்கிறதா என்று சொல்லும். ‘ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் ரூட்’ அந்த டீமன் போட்ட கணக்கைச் சொல்லும். ‘ஷோ ஐபி ரூட்’ ஜீப்ராவின் அட்டவணை. பாக்கெட்டை உண்மையில் நகர்த்துவது கர்னல். அதன் அட்டவணையைப் பார்க்க விடிஒய்எஸ்எச்சை விட்டு வெளியே வந்து ‘ஐபி ரூட்’ அடிக்க வேண்டும்.

ஜீப்ரா காட்டும் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்:

ஓ>* 10.20.0.0/24 [110/20] வயா 10.0.12.2, ஈடிஎச்1

முதல் ‘ஓ’ என்றால் ஓஎஸ்பிஎஃப் தந்த ரூட். ‘>’ என்றால் ஜீப்ரா தேர்ந்தெடுத்தது. ‘*’ என்றால் கர்னலுக்குப் போய்ச் சேர்ந்தது. அடைப்புக்குள் முதலில் இருக்கும் 110 நம்பகத்தன்மை எண், அடுத்த 20 பாதைச் செலவு. ‘>’ இல்லாமல் ‘ஓ’ மட்டும் தெரிந்தால், அதே நெட்வொர்க்குக்கு 110-ஐவிடக் குறைந்த எண்ணுள்ள வேறு ரூட் ஜெயித்திருக்கிறது: ஸ்டாட்டிக் என்றால் 1, வெளி பிஜிபி (வேறு நிறுவன நெட்வொர்க்குடன் ரூட் பகிரும் நெறிமுறை) என்றால் 20. ஆளுக்கு ஆள் மறந்துபோன பழைய ஸ்டாட்டிக் ரூட்தான் பெரும்பாலும் குற்றவாளி. வரியில் ‘ஆர்’ குறி வந்தால் கர்னல் அதை ஏற்க மறுத்துவிட்டது.

உங்கள் விஷயத்தில் மூன்றும் சரி என்றால், பார்க்க வேண்டியது கர்னலின் மனநிலை. முதலில் ‘நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்டு’ 1 ஆக இருக்கிறதா? 0 என்றால் அந்த இயந்திரம் ஓஎஸ்பிஎஃப் பேசும், ரூட் கற்கும், பாக்கெட்டை மட்டும் கடத்தாது. அடுத்தது ‘ஆர்பி_ஃபில்டர்’. அது 1 ஆக இருந்து, போகும் வழியும் வரும் வழியும் வேறு கார்டுகளாக இருந்தால், பாக்கெட் சத்தமில்லாமல் தூக்கி எறியப்படும். இரண்டு பாதை உள்ள இடங்களில் 2 வையுங்கள். கர்னலிடமே நேராகக் கேட்கவும் வழி உண்டு: ‘ஐபி ரூட் கெட் 10.20.0.5 ஃப்ரம் 10.10.0.7 ஐஐஎஃப் ஈடிஎச்0’. உங்கள் லானில் இருக்கும் 10.10.0.7-இலிருந்து 10.20.0.5-க்கு ஒரு பாக்கெட் ஈடிஎச்0 வழியாக வந்தால் என்ன செய்வாய் என்ற கேள்வி அது. ‘இன்வாலிட் கிராஸ்-டிவைஸ் லிங்க்’ என்று பதில் வந்தால் ஆர்பி_ஃபில்டர்தான் வெட்டுகிறது.

இதுவும் சரி என்றால் எதிர்ப்பக்கம் போய், உங்கள் லானான 10.10.0.0/24-க்குத் திரும்பும் ரூட் அங்கே இருக்கிறதா பாருங்கள். லான் கார்டை ஓஎஸ்பிஎஃப்-இல் சேர்க்காமலே விட்டிருந்தால் இருக்காது.

கேள்வி: ‘எக்ஸ்ஸ்டார்ட்’ நிலையிலேயே நெய்பர் நின்றுவிடுகிறது. ஹலோ போகிறது, வருகிறது.

பதில்: எம்டியு (ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச அளவு) பொருந்தவில்லை. பக்கத்து ரூட்டரைத் தேட அனுப்பும் ஹலோ பாக்கெட் சிறியது, அதில் எம்டியு பற்றிய பேச்சே இல்லை. அதனால் தொடக்கம் நன்றாகவே போகும். அடுத்து வரும் டேட்டாபேஸ் விவரப் பாக்கெட்டில் அனுப்புபவரின் எம்டியு எழுதப்பட்டிருக்கும். அது தன்னுடையதைவிடப் பெரிதாக இருந்தால் பெறுபவர் ஒதுக்கிவிடுவார். ஒரு பக்கம் 1500, மறுபக்கம் விஎக்ஸ்லான் டனல் (ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும் வழி) வழியாக வந்து 1450 என்பது மெய்நிகர் உலகில் சர்வசாதாரணம். ஜிஆர்இ டனல் என்றால் 1476.

‘பிங் -எம் டூ -எஸ் 1472’ போட்டுப் பாருங்கள். 28 பைட் தலைப்பு சேர்ந்து 1500 ஆகும். அது போகவில்லை என்றால் எம்டியுவை இரு பக்கமும் சமமாக்குங்கள். ‘ஐபி ஓஎஸ்பிஎஃப் எம்டியு-இக்னோர்’ என்று போட்டு ஃபுல் வரவழைக்கலாம்தான். ஆனால் நாளைக்குப் பெரிய பாக்கெட்டுகள் மட்டும் காணாமல் போகும்போது அதைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கஷ்டம். நான் போடமாட்டேன்.

கேள்வி: நான்கு ரூட்டர் ஒரே சுவிட்ச்சில். இரண்டுடன் ‘ஃபுல்’, ஒன்றுடன் ‘டூ-வே’ மட்டும்.

பதில்: அப்படித்தான் இருக்க வேண்டும். பலர் சேர்ந்த நெட்வொர்க்கில் டிஆர் (தலைமை ரூட்டர்), பிடிஆர் (அதன் மாற்று) இருவருடன்தான் முழு உறவு. மற்றவர்களுக்குள் டூ-வே போதும்.

கேள்வி: சார், பிஜிபி நெய்பர் ‘ஆக்டிவ்’ என்று காட்டுகிறது. ஆனால் ஒரு ரூட்கூட வரவில்லை.

பதில்: ஆக்டிவ் என்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள் நிறைய. இன்னும் இணைப்புக் கிடைக்கவில்லை, முயன்றுகொண்டிருக்கிறேன் என்பதுதான் அந்த நிலை. ‘ஷோ பிஜிபி சம்மரி’ காட்டும் அட்டவணையில் நிலையைச் சொல்லும் ‘ஸ்டேட்’ பத்தியில் எழுத்து இருந்தால் கோளாறு, எண் இருந்தால் இணைப்பு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் அவர்களிடமிருந்து வந்த ரூட்டுகளின் எண்ணிக்கை. ஆக்டிவ் என்றால் டிசிபி 179 ஃபயர்வாலில் திறந்திருக்கிறதா, நெய்பர் முகவரியும் ஏஎஸ் எண்ணும் (நெட்வொர்க்கின் அடையாள எண்) இரு பக்கமும் பொருந்துகிறதா, லூப்பேக் என்ற உள் முகவரியிலிருந்து பேசினால் ‘அப்டேட்-சோர்ஸ்’ போட்டீர்களா என்று பாருங்கள்.

அதே இடத்தில் ‘பாலிசி’ என்று வந்தால் கதை வேறு. இணைப்பு நிற்கிறது, ஆனால் நீங்கள் வடிகட்டி எதுவும் வைக்கவில்லை. 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8212, வெளி பிஜிபியில் கொள்கை எழுதப்படாவிட்டால் ரூட் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்கிறது. எஃப்ஆர்ஆரின் புதிய பதிப்புகள் அதைப் பின்பற்றுகின்றன. லேப் என்றால் ‘நோ பிஜிபி ஈபிஜிபி-ரிக்வயர்ஸ்-பாலிசி’ போட்டுவிட்டு மேலே போங்கள். உண்மையான நெட்வொர்க் என்றால் இரு திசைக்கும் ரூட்-மேப் (வடிகட்டும் விதிகள்) எழுதுங்கள்.

நீங்கள் என்ன அனுப்புகிறீர்கள் என்று பார்க்க, நெய்பர் கட்டளையின் முடிவில் ‘அட்வர்டைஸ்டு-ரூட்ஸ்’ சேருங்கள். வடிகட்டுவதற்கு முன் என்ன வந்தது என்று பார்க்க ‘ரிசீவ்டு-ரூட்ஸ்’. ஆனால் அதற்கு ‘சாஃப்ட்-ரீகான்ஃபிகரேஷன் இன்பவுண்டு’ முன்னதாகவே போட்டிருக்க வேண்டும்.

கேள்வி: சொந்த சர்வரில் ஓடிய அதே அமைப்பைப் பொது கிளவுடுக்கு மாற்றினேன். ஓஎஸ்பிஎஃப் நெய்பரே தெரியவில்லை.

பதில்: ஓஎஸ்பிஎஃப் ஹலோ 224.0.0.5 என்ற மல்டிகாஸ்ட் (ஒரே பாக்கெட்டைப் பலருக்கு அனுப்பும்) முகவரிக்குப் போகிறது. பொது கிளவுடுகளின் உள் நெட்வொர்க் பொதுவாக அதைக் கடத்தாது. ‘டிசிபிடம்ப் -என்ஐ ஈடிஎச்1 ஐபி ப்ரோட்டோ 89’ போட்டால் உங்கள் ஹலோ போவது மட்டும் தெரியும், எதிர்ப்பக்கத்தது வராது. இரு இயந்திரங்களுக்கு நடுவே ஒரு டனல் போட்டு அதன் மேல் ஓஎஸ்பிஎஃப் ஓட்டுங்கள், அல்லது பிஜிபிக்கு மாறுங்கள். நான் பிஜிபி பக்கம். கூடவே, தன் முகவரி அல்லாத பாக்கெட்டை அந்த இயந்திரம் கடத்த அனுமதி வேண்டும். அமேசானில் அதன் பெயர் ‘சோர்ஸ்/டெஸ்டினேஷன் செக்’, அதை அணைக்க வேண்டும்.

கேள்வி: ஒரே இயந்திரத்துக்குள் விஆர்எஃப் மூலம் இரண்டு மெய்நிகர் ரூட்டர் வைத்திருக்கிறேன். ‘ஷோ ஐபி ரூட்’ இரண்டாவதைக் காட்டவே இல்லை.

பதில்: ஒவ்வொரு விஆர்எஃப்பும் ஒரு தனி ரூட் அட்டவணை. பெயர் சொல்லாவிட்டால் இயல்பு விஆர்எஃப் மட்டும்தான் தெரியும். உங்களுடையதன் பெயர் ‘ரெட்’ என்று வைத்துக்கொள்வோம். ‘ஷோ ஐபி ரூட் விஆர்எஃப் ரெட்’ அல்லது ‘விஆர்எஃப் ஆல்’ என்று கேளுங்கள். அமைக்கும்போதும் ‘ரூட்டர் ஓஎஸ்பிஎஃப் விஆர்எஃப் ரெட்’ என்று பெயரோடு. பிங்கும் ‘ஐபி விஆர்எஃப் எக்ஸெக் ரெட் பிங்’ என்று போட்டால்தான் அந்த அட்டவணையைப் பார்க்கும்.

பலர் கவனிக்காத ஒன்று: விஆர்எஃப் அட்டவணையில் ரூட் இல்லாவிட்டால் கர்னல் தேடலை அடுத்த அட்டவணைக்குத் தொடரும், பாக்கெட் பிரதான அட்டவணை வழியாகக் கசிந்துவிடும். அதைத் தடுக்க, அந்த அட்டவணையில் 4278198272 என்ற மெட்ரிக்குடன் ‘அன்ரீச்சபிள் டிஃபால்ட்’ ரூட் ஒன்று போட வேண்டும். எஃப்ஆர்ஆர் அதை [255/8192] என்று காட்டும். எண் வித்தியாசமாக இருக்கிறதே என்று அழித்துவிடாதீர்கள். இன்னொன்று, கார்டை விஆர்எஃப்-க்குள் நகர்த்தினால் அதிலிருந்த ஐபிவி6 முகவரி போய்விடலாம், மறுபடி போட வேண்டிவரும்.

கேள்வி: ஓடிக்கொண்டிருந்த ரூட்டரை குளோன் செய்து, ஐபி மாற்றி, இன்னொரு மூலையில் வைத்தேன். அப்போதிலிருந்து ஏரியா முழுக்க ரூட்டுகள் வந்து வந்து போகின்றன.

பதில்: ஐபி மாற்றினீர்கள், ரூட்டர்-ஐடி மாற்றினீர்களா? இரண்டுக்கும் ஒரே ஐடி என்றால், ஒன்று வெளியிட்ட எல்எஸ்ஏவை (தன் இணைப்புகளைப் பற்றிய அறிவிப்பை) மற்றது தன்னுடைய பழைய அறிவிப்பு என்று நினைத்து, வரிசை எண்ணைக் கூட்டி மறுபடி வெளியிடும். அதைப் பார்த்து முதலாவதும் அதையே செய்யும். ‘ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸ் ரூட்டர் 1.1.1.1’ என்று (1.1.1.1 இடத்தில் அந்த ஐடி) சில விநாடி இடைவெளியில் திரும்பத் திரும்ப அடியுங்கள். சாதாரணமாக அரை மணிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் வரிசை எண், இங்கே கண்ணெதிரே ஏறும். நேரடிப் பக்கத்து ரூட்டராக இருந்திருந்தால் உறவே ஏற்பட்டிருக்காது, உடனே பிடித்திருப்பீர்கள்.

கேள்வி: பிஎஃப்டி போட்டதிலிருந்து பிஜிபி இணைப்பு அடிக்கடி விழுகிறது. லைனில் கோளாறு எதுவும் தெரியவில்லை.

பதில்: பிஎஃப்டி, எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று வேகமாகச் சோதிப்பது. அதன் இயல்பு அளவு 300 மில்லிவிநாடி, மூன்று முறை. அதாவது ஒரு விநாடிக்கும் குறைவாக உங்கள் மெய்நிகர் இயந்திரத்துக்கு சிபியு கிடைக்காவிட்டாலே எதிர்ப்பக்கம் நீங்கள் செத்துவிட்டதாக முடிவு கட்டும். ‘டாப்’ காட்டும் ‘எஸ்டி’ (உங்களுக்குக் கிடைக்காமல் போன சிபியு நேரம்) எண்ணைப் பாருங்கள். அது அடிக்கடி ஏறினால் ஹோஸ்ட்டில் (அடியில் இருக்கும் உண்மையான இயந்திரத்தில்) நெரிசல். இடைவெளியை 1000 ஆக்குங்கள், அல்லது அந்த இயந்திரத்துக்கு சிபியுவை ஒதுக்கிக் கொடுங்கள். ஓடும்போதே வேறு ஹோஸ்ட்டுக்கு மாற்றும் வழக்கம் இருந்தால் அந்த நேரத்திலும் விழும்.

கேள்வி: தொலைவில் இருக்கும் ரூட்டரில் மாற்றம் செய்யப் பயமாக இருக்கிறது. என்டர் தட்டியதும் இணைப்பே போய்விட்டால்?

பதில்: பயம் நியாயமானது. விடிஒய்எஸ்எச்சில் ஒவ்வொரு வரியும் தட்டிய நொடியே அமலாகும். ஒரு வசதி, ‘ரைட்’ அடிக்கும்வரை அது கோப்பில் ஏறாது. சேவையை மறுதொடக்கம் செய்தால் பழையபடி வந்துவிடும். அதனால் மாற்றத்துக்கு முன்னால் ‘அட்’ கட்டளையால் பத்து நிமிடம் கழித்து எஃப்ஆர்ஆர் மறுதொடக்கம் ஆகும்படி ஏற்பாடு செய்யுங்கள். இணைப்பு பிழைத்தால் ‘ஏடிஆர்எம்’ போட்டு அதை ரத்து செய்துவிட்டு, அப்புறம் ‘ரைட்’. ஹைப்பர்வைசரின் (மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருளின்) கன்சோல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

விஒய்ஓஎஸ் என்ற ரூட்டர் இயங்குதளத்தைப் பயன்படுத்தினால் இந்த வேலை மிச்சம். அதன் உள்ளே ஓடுவதும் எஃப்ஆர்ஆர்தான். ‘செட்’ போட்டுக்கொண்டே போகலாம், ‘கம்பேர்’ போட்டு வித்தியாசம் பார்க்கலாம், ‘கமிட்-கன்ஃபர்ம் 10’ என்றால் பத்து நிமிடத்துக்குள் நீங்கள் ‘கன்ஃபர்ம்’ சொல்லாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். பிறகு ‘சேவ்’. ஆனால் அங்கே விடிஒய்எஸ்எச்சைப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். அதற்குள் செய்த மாற்றம் விஒய்ஓஎஸ்ஸின் அமைப்பில் பதிவாகாது, அடுத்த கமிட்டிலோ ரீபூட்டிலோ போய்விடும்.