பெருந்தொற்றின்போது பொது சுகாதார செவிலியர்களுக்கு எது கடினமாக இருந்தது?

மருத்துவமனைக்கு வெளியே வேலை பார்த்த செவிலியர்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். கொரோனா காலத்தைப் பொறுத்தவரை, தொலைபேசிதான் என்பேன். தொற்று உறுதியானவர் யார் யாரைச் சந்தித்தார் என்று கேட்டுக் குறித்து, அவர்களை ஒவ்வொருவராக அழைத்து, 14 நாள் வீட்டிலேயே இருக்கச் சொல்ல வேண்டும். ஒருவர் கத்துவார். இன்னொருவர், "வேலைக்குப் போகாவிட்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்வேன்?" என்று அழுவார். பதில் கையில் இருக்காது. ஆனாலும் மறுநாள் காய்ச்சல் உண்டா என்று கேட்க அதே எண்ணை அழைத்தாக வேண்டும். விதிமுறைகளும் அடிக்கடி மாறின.

அப்புறம், வழக்கமான வேலை. 2020-ல் உலகெங்கும் சுமார் 2.3 கோடி குழந்தைகளுக்கு அடிப்படைத் தடுப்பூசிகள் விடுபட்டன. பதிவேட்டில் அந்தக் கட்டங்கள் காலியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே தொற்று வேலைக்கு ஓடுவது எவ்வளவு பெரிய வேதனை!