வலக்கால் கியர்

கேள்வி: அப்பான்ர பழைய பி.எஸ்.ஏ பான்டம் மோட்டார் சைக்கிள் வீட்டில நிக்குது, அதில கியர் ஏன் வலப்பக்கம், பிரேக் ஏன் இடப்பக்கம்? (சுன்னாகம் வாசகர்)

பதில்: அட, பான்டமோ! 1948ல வந்த சாமான் அது, டிசைன் ஜேர்மன்காரன்ர டி.கே.டபிள்யூ ஆர்.டி. 125 எண்ட பைக்கின்ர, ரெண்டாம் உலகப் போர் முடிய நட்டஈடா எடுத்ததை பிரிட்டிஷ்காரன் கண்ணாடியில பாக்கிற மாதிரி இடம்வலமாத் திருப்பி, கியரைத் தன்ர வழக்கப்படி வலக்காலுக்குக் குடுத்திட்டான். எங்கட சித்தப்பாவும் ஒண்டு வச்சிருந்தவர், காபரேட்டரில இருக்கிற குட்டிப் பின்னை அமத்தி பெட்றோல் விரலில வழிஞ்சாப் பிறகுதான் உதைப்பார். இஞ்ச சண்டைக் காலத்தில பொருளாதாரத் தடையால பெட்றோல் கிடைக்காத நேரம் மண்ணெண்ணெயிலதான் ஓட்டினவர், பின்னால போறவைக்கு ஒரே புகை! பெட்றோலுக்க ஒயில் கலக்க மறந்திடாதேங்கோ, டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எல்லே, பெட்றோலோட சேர்ந்து போற ஒயில்தான் அதுக்கு மசகு. இப்பத்தைய பைக் ஓடிப் பழகின கால் எண்டா முதல்ல ஒழுங்கைக்குள்ள ஓடிப்பாருங்கோ, பிரேக் எண்டு நினைச்சுக் கியரைத்தான் மிதிப்பீங்கள்.