சட்டத்தை மீறிய ரோசா பார்க்ஸை நல்ல குடிமகள் என்று ஏன் சொல்கிறோம்?

நல்ல குடிமை என்றால் சட்டத்துக்குக் கட்டுப்படுவது மட்டுமல்ல. அந்தச் சட்டம் எல்லோரையும் சமமாக நடத்துகிறதா என்று கேட்பதும்தான். கூரை ஒழுகுகிறது என்று சொல்பவர் வீட்டுக்கு எதிரி இல்லையே, அது போல.

1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில், வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்தார் கறுப்பினப் பெண்ணான ரோசா பார்க்ஸ். கைது செய்தார்கள். அப்புறம் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தில் ஏறவே இல்லை. வேலைக்கு நடந்தே போனார்கள், கார்களில் சேர்ந்து போனார்கள். பயணிகளில் பெரும்பாலானோர் அவர்கள்தான் என்பதால் பேருந்து நிறுவனத்துக்கு அடி பலமாக விழுந்தது. 1956-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பேருந்தில் இனம் பார்த்து இருக்கை பிரித்த அந்தச் சட்டம் செல்லாமல் போனது. என்னைக் கேட்டால், நடந்தே போன அந்த ஆயிரக்கணக்கானோரும் அவருக்குச் சமமானவர்களே.

உடல் களைப்பால்தான் அவர் எழவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் உரிமை அமைப்பொன்றின் உள்ளூர்க் கிளைச் செயலாளராக உழைத்தவர்.