ஹாபிட்: பழி முழுக்க ஜாக்சனுக்கா?

நண்பரே, ஹாபிட் திரைப்பட வரிசையின் மூன்றாம் பாகம் சொதப்பியதற்கு இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் அலட்சியம்தான் காரணம் என்று உங்கள் வீடியோவில் சொல்லலாமா எனக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அது அநியாயம். தயாரிப்பு நிறுவனமான எம்ஜிஎம்மின் பணச் சிக்கலில் வேலை இழுத்துக்கொண்டே போக, 2010 மே மாதம் முதலில் இயக்கவிருந்த டெல் டோரோ விலகினார். அவர் இடத்துக்கு வந்த ஜாக்சன் 2011 மார்ச்சிலேயே படப்பிடிப்பைத் தொடங்க வேண்டியதாயிற்று. இந்த அளவு படத்துக்கு அது கழுத்தை நெரிக்கும் அவகாசம்! காட்சிகளை முன்கூட்டியே வரைந்துவைக்கும் ஸ்டோரிபோர்டுகூட இல்லாமல், என்ன எடுப்பது என்ற தெளிவில்லாமல் செட்டுக்குப் போனதை டிஸ்க்கின் கூடுதல் பகுதியில் அவரே மனம்விட்டுச் சொல்கிறார். மூன்றாம் பாகத்தின் முக்கியக் காட்சியான ஐந்து படைகளின் போரை எடுக்க முடியாமல் 2013க்குத் தள்ளிவைத்தார். உங்கள் வீடியோவுக்கு அதுதான் உயிர்நாடி. ஆனால் 2012 ஜூலையில் இரண்டு படமாக இருந்த திட்டம் மூன்றானதில் அவருக்கும் பங்குண்டு. அங்கே தாராளமாக விமர்சியுங்கள்.