பழைய டிரெய்லர் வாங்கியவர்கள் கேட்கிறார்கள்

பனி உருகத் தொடங்கியதும் அமெரிக்காவிலும் கனடாவிலும் பழைய டிராவல் டிரெய்லர்கள், அதாவது வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடுகள், கைமாறத் தொடங்கிவிடும். கூடவே எனக்குக் கேள்விகளும் வந்து சேரும். இம்முறை வந்தவற்றில் பாதி திரைச்சீலை, மெத்தை, தொலைக்காட்சி பற்றியவை. அவற்றை ஓரமாக வைத்துவிட்டேன். கூரை, சக்கரம், மின்சாரம், எரிவாயு பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: 2014இல் தயாரான 24 அடி டிரெய்லர் வாங்கினோம். உள்ளே லேசான ஈரவாடை அடிக்கிறது. குளிர்காலம் முழுவதும் மூடிக் கிடந்ததால்தான் என்கிறார் விற்றவர். நம்பலாமா? (ஏஜாக்ஸ், ஒன்டாரியோ)

சோதித்துப் பார்க்கும்வரை நம்பாதீர்கள். இந்த வண்டிகளைச் சாகடிப்பது மைல் கணக்கு அல்ல, தண்ணீர். பெரும்பாலானவற்றின் எலும்புக்கூடு மெல்லிய மரச்சட்டம். அதன்மேல் ஒட்டுப்பலகை, கூரையில் ரப்பர் விரிப்பு. அந்த விரிப்பில் காற்றுப்போக்கி, குழாய், ஆன்டெனா, மேல்ஜன்னல் என்று எத்தனையோ ஓட்டைகள். ஒவ்வொன்றின் விளிம்பையும் சீலன்ட் பசைதான் காக்கிறது. வெயிலில் காய்ந்து அந்தப் பசை வெடித்துவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கும். இறங்கிய இடத்திலேயே அது வெளியே தெரியாது. சட்டத்தின் வழியே ஓடி நாலைந்து அடி தள்ளிக்கூடத் தலைகாட்டும்.

மேல் அலமாரிகளைத் திறந்து, உள்மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஜன்னல்களின் கீழ்விளிம்பு, முன்பக்கக் கட்டிலின் அடி, குளியலறைத் தரை, வாசற்படியை ஒட்டிய தரை ஆகியவற்றையும் விடாதீர்கள். எங்கேனும் மெத்தென்று அமுங்கினால் உள்ளே மரம் அழுகிவிட்டது. இரண்டு ஊசி உள்ள ஈரமானி ஒன்று வன்பொருள் கடையில் மலிவாகவே கிடைக்கும். காய்ந்த சுவரில் ஒருமுறை குத்தி அளவைக் குறித்துக்கொண்டு, சந்தேகமான இடங்களை அதோடு ஒப்பிடுங்கள். பிறகு வெளியே வந்து, மாலை வெயில் சாய்வாக விழும்போது பக்கச் சுவரை அதன் நீளவாக்கில் பாருங்கள். ஃபைபர் கிளாஸ் எங்கேயாவது கொப்பளித்திருந்தால், பின்னாலிருக்கும் பலகையிலிருந்து அது கழன்றுவிட்டது. அதைச் சரிசெய்யும் செலவு பல சமயம் வண்டியின் விலையை எட்டிவிடும்.

சுவரும் தரையும் தப்பியிருந்தால் கூரையைக் கவனியுங்கள். பழைய பசையின் அழுக்கைத் துடைத்து, தளர்ந்ததை நீக்கி, உங்கள் கூரை வகைக்கென்றே விற்கும் சீலன்டைப் பூசுங்கள். கடையில் கைக்குக் கிடைத்தது என்று சிலிக்கான் பூசாதீர்கள். அதன்மேல் பின்னால் எதுவும் ஒட்டாது. ஈபிடிஎம் ரப்பர் கூரையென்றால் பெட்ரோலிய எண்ணெய் கலந்த துப்புரவுப் பொருள் எதுவும் அதன்மேல் படக்கூடாது, ரப்பர் ஊதிவிடும். இந்தச் சோதனையை வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மறக்காமல் செய்யுங்கள். வாசனைத் திரவியம் தாராளமாகத் தெளித்த டிரெய்லரைக் கண்டால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகிவிடும்.

கேள்வி: டயர்களில் பள்ளம் ஆழமாக, புதிதுபோலவே இருக்கிறது. இன்னும் சில வருடம் ஓட்டலாம்தானே? (ஹூஸ்டன்)

டிரெய்லர் டயர் தேய்ந்து சாவது அரிது, கிழடாகித்தான் சாகும். பக்கச் சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் பிறந்தது. முழுக் குறியீடு ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். வெளிப்பக்கம் தெரியாவிட்டால் வண்டிக்கு அடியில் புகுந்துதான் பார்க்க வேண்டும். ஐந்தாறு வயதைத் தாண்டியவற்றை, அதுவும் டெக்சஸ் வெயிலில் நின்றவற்றை, மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஓடும்போது வெடிக்கும் டயர் தன்னோடு சக்கர வளைவு, தரையடிக் குழாய், மின்கம்பி எல்லாவற்றையும் பிய்த்துக்கொண்டு போகும். மாற்றும்போது டிரெய்லருக்கென்றே வரும் எஸ்டி வகையையே வாங்குங்கள். காற்றைக் காலையில், சக்கரம் உருளும் முன்பு அளவிடுங்கள். எஸ்டி டயர்களில் பல மணிக்கு 65 மைலுக்கென்றே செய்யப்பட்டவை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கேள்வி: அச்சில் கிரீஸ் நிப்பிள் இருக்கிறது. கிரீஸ் துப்பாக்கியால் நாலு அடி அடித்தால் பேரிங் வேலை முடிந்ததா? (ஷார்லட், வட கரோலினா)

முதல் வருடம் அப்படி முடிக்காதீர்கள். அவசரமாக அழுத்தி ஏற்றினால் கிரீஸ் சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள் போய்விடும். கிரீஸ் ஊறிய பிரேக் லைனிங்கைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். முந்தைய உரிமையாளர் எத்தனை முறை அப்படிச் செய்தார் என்பது டிரம்மைக் கழற்றினால்தான் தெரியும். ஆகவே ஒருமுறை நான்கு டிரம்மையும் கழற்றி, பேரிங்கைக் கழுவி, நீலம் பாய்ந்திருக்கிறதா, புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்த்து, புதுக் கிரீஸும் புதுச் சீலும் போடுங்கள். பழைய கிரீஸ் எந்த வகை என்று தெரியாமல் அதன்மேல் வேறொன்றைக் கலப்பதும் இதனால் தவிர்க்கப்படும். அச்சுத் தயாரிப்பாளர்கள் சொல்லும் இடைவெளி 12 மாதம் அல்லது 12,000 மைல்.

சக்கரத்தை மாட்டிய பிறகு நட்டுகளை டார்க் ரென்ச்சால் இறுக்கி, 10, 25, 50 மைல்களில் நிறுத்தி மறுபடி பாருங்கள். சோம்பல் வரும், நிறுத்துங்கள். அப்படியே முன்கொக்கியருகே தொங்கும் அவசர பிரேக் கம்பியையும் ஒருமுறை உருவிப் பாருங்கள். டிரெய்லர் பேட்டரி உயிரோடிருந்தால் சக்கரங்கள் இறுகிப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் கம்பி முனையிலுள்ள ஊசியை உடனே திரும்பச் செருகிவிடுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி காலியாகும்.

கேள்வி: வீட்டு முற்றத்தில் 30 ஆம்ப் இணைப்புப் போட எலக்ட்ரீஷியன் வருகிறார். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா? (எடிசன், நியூஜெர்சி)

கட்டாயம் சொல்ல வேண்டும். "இது 120 வோல்ட், 240 அல்ல" என்ற ஒரே வாக்கியம். டிரெய்லரின் 30 ஆம்ப் செருகியில் மூன்று கால்கள். பழைய துணி உலர்த்தி இயந்திரத்தின் செருகியும் மூன்று கால், அதுவும் 30 ஆம்ப். ஆனால் அது 240 வோல்ட். வீடுகளுக்கு மட்டும் வேலை செய்து பழகிய நல்ல எலக்ட்ரீஷியன்கள்கூட இந்தப் பழக்கத்தில் இரட்டைத் துருவ பிரேக்கர் போட்டு 240ஐக் கொடுத்துவிடுகிறார்கள். செருகிய நொடியில் கன்வர்ட்டர், மைக்ரோவேவ், ஏசி எல்லாம் புகைந்துவிடும்.

டிரெய்லருக்கு வேண்டியது ஒற்றைத் துருவ 30 ஆம்ப் பிரேக்கர், 10 கேஜ் செம்புக் கம்பி, டிடி-30 (TT-30) எனப்படும் சாக்கெட். வேலை முடிந்ததும், டிரெய்லரைச் செருகும் முன், உங்கள் கண்முன்னே மல்டிமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 120, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே சுமார் 120, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய பூஜ்யம். நான்கு கால் கொண்ட 50 ஆம்ப் இணைப்பு வேறு கதை. அதற்கு 240 சரிதான். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்தச் சேதமெல்லாம்.

கேள்வி: எங்களிடம் டொயோட்டா சியன்னா. 3,500 பவுண்டு இழுக்கும். டிரெய்லரின் வெற்று எடை 3,100. இன்னும் 400 பவுண்டு மிச்சம் இருக்கிறதே? (ஸ்கார்பரோ)

அந்த 3,100 என்பது பாத்திரம் பண்டமில்லாமல், தண்ணீர் ஏற்றாமல், தொழிற்சாலை வாசலில் நின்றபோது இருந்த எடை. 30 காலன் தண்ணீரே 250 பவுண்டு. பேட்டரி, நிரம்பிய சிலிண்டர்கள், நாற்காலிகள், இட்லிப் பானை, அரிசி மூட்டை... நம் வீட்டார் முகாமுக்குக் கொண்டுபோவதை அறிந்தவன் என்பதால் சொல்கிறேன், 400 பவுண்டு போதாது. டிரெய்லரின் வெளிச்சுவரில், முன் இடது மூலையருகே ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள அதிகபட்ச மொத்த எடையை வைத்தே கணக்கிடுங்கள்.

கொக்கியின்மேல் அழுந்தும் பாரம் இன்னொரு கணக்கு. அது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்டும். அந்தப் பாரம் முழுவதும் வேனின் சுமைத்திறனிலிருந்து கழியும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் சீட்டில் எழுதிய எண்ணிலிருந்து குடும்பத்தார் எடையையும் கழித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. லாரி நிறுத்தங்களிலுள்ள கேட் (CAT) நிறுவன எடைமேடையில் ஒருமுறை ஏற்றினால் ஊகத்துக்கே வேலையில்லை. என் தீர்ப்பு: இந்த ஜோடி பொருந்தாது. வேனை மாற்றுங்கள் அல்லது டிரெய்லரை மாற்றுங்கள்.

கேள்வி: கட்டிலுக்குக் கீழே தரையோரமாக ஒரு கருவி ஓயாமல் கீச்சிடுகிறது. கம்பியைப் பிடுங்கிவிடலாமா? (சியாட்டில்)

கூடாது. அது எரிவாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால்தான் அது கீழே இருக்கிறது. முதலில் சிலிண்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, கசிவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு கருவியின் முதுகிலுள்ள தேதியைப் பாருங்கள். இவற்றின் ஆயுள் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள், முடிந்ததும் கீச்சிட்டே தெரிவிக்கும். புதிது வாங்குங்கள். கார்பன் மோனாக்சைடு கருவிக்கும் இதே போன்ற காலாவதித் தேதி உண்டு.

சிலிண்டர் கழுத்திலும் தயாரிப்புத் தேதி பொறித்திருக்கும். அமெரிக்காவில் புதுச் சிலிண்டருக்கு 12 ஆண்டு, கனடாவில் 10 ஆண்டு. அதன்பின் மறுசோதனை இல்லாமல் நிரப்ப மாட்டார்கள். இணைப்புகளைச் சோப்பு நுரையால் சோதிக்கும்போது அம்மோனியா கலக்காத சோப்பாகப் பாருங்கள், அம்மோனியா பித்தளையை அரிக்கும்.

கேள்வி: 2006இல் தயாரான டிரெய்லர் ஒன்று அடிமாட்டு விலைக்கு வருகிறது. புயல் நிவாரணத்துக்குப் பயன்பட்டது என்கிறார்கள். (பேட்டன் ரூஜ், லூசியானா)

2005இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு வீடிழந்தவர்களுக்கு அமெரிக்க அரசின் பேரிடர் நிவாரண அமைப்பான ஃபீமா கொடுத்தவற்றில் ஒன்றாக இருக்கலாம். அவற்றின் பலகைப் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு வெளியேறியது. 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசி 519 வண்டிகளைச் சோதித்தபோது சராசரி அளவு 77 பிபிபி (காற்றில் நூறு கோடிக்கு 77 பங்கு), சாதாரண வீடுகளில் இருப்பதைவிடப் பல மடங்கு. பின்னர் அரசு அவற்றை ஏலம் விட்டபோது, குடியிருக்க ஏற்றதல்ல என்று சீட்டு ஒட்டித்தான் விற்றது. கைமாறும்போது சீட்டு காணாமல் போய்விடும். இத்தனை ஆண்டுகளில் வாயு பெரும்பாலும் அடங்கியிருக்கும், ஆனாலும் வெப்பமும் ஈரப்பதமும் அதைக் கூட்டும். இரண்டும் உங்கள் ஊரில் தாராளம். அவசரப் பயன்பாட்டுக்காகக் குவியலாகச் செய்த வண்டி, இருபது வயது வேறு. நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: ஃபிரிட்ஜ் போட்டு இரண்டு மணி நேரமாகியும் குளிரவில்லை. (ஃபீனிக்ஸ்)

அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கிக் குளிர்விக்கும் வகையென்றால் அது பொறுமைசாலி. முந்தைய இரவே போட்டுவிடுங்கள், வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். அம்மோனியா நெடியோ பின்புறம் மஞ்சள் பொடியோ தெரிந்தால் மட்டும் குளிர்ச்சி அலகு போய்விட்டது.

கேள்வி: குளிர்காலத்துக்கு எப்படி மூடிவைப்பது? (கால்கரி)

முதல் உறைபனிக்கு முன் தண்ணீர்த் தொட்டியையும் வெந்நீர்க் கலத்தையும் வடித்துவிட்டு, கலத்தின் பைபாஸ் வால்வைத் திருப்புங்கள். இதை மறந்தால் ஆறு காலன் கொள்ளளவுள்ள கலத்தை நிரப்பவே உறைதடுப்பு நீர் தீர்ந்துபோகும். பைபாஸ் செய்தால் இரண்டு மூன்று காலனில் வேலை முடியும். இளஞ்சிவப்பு நிறத்தில் வரும் புரொப்பிலீன் கிளைக்கால் வகையே வேண்டும். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. பம்பு வழியே இளஞ்சிவப்பு உறைதடுப்பு நீரை உறிஞ்சவிட்டு, ஒவ்வொரு குழாயிலும் சிவப்பாக வரும்வரை திறந்து மூடுங்கள். வெளிப்புற ஷவரைப் பலரும் மறந்து, வசந்தத்தில் வெடித்த குழாயோடு எனக்கு எழுதுகிறார்கள்.

மறுபடி திறக்கும்போது எல்லாவற்றையும் அலசி, 15 காலனுக்குக் கால் கப் வாசனையற்ற ப்ளீச் கலந்து குழாய்களில் நிரப்பி, நான்கு மணி நேரமாவது விட்டு, நெடி போகும்வரை நல்ல தண்ணீரை ஓடவிடுங்கள். வெந்நீர்க் கலத்தில் தண்ணீர் நிரம்பி, சமையலறையின் வெந்நீர்க் குழாயில் ஒழுங்காகக் கொட்டிய பிறகே மின்சூடேற்றியின் சுவிட்சைப் போடுங்கள். வெறுங்கலத்தில் போட்டால் அது கருகிவிடும்.