தேக்கும் துளசியும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மூலிகைகள் பற்றிய கட்டுரையில் தேக்கும் துளசியும் ஒரே குடும்பம் என்று எழுதியிருந்தீர்கள். எழுத்துப் பிழையோ என்று நினைத்தேன். எங்கள் வீட்டுப் பழைய மூலிகைப் புத்தகத்தில் தேக்கையும் நொச்சியையும் வெர்பினேசி என்ற வேறு குடும்பம் என்றுதான் போட்டிருக்கிறது. இத்தனை பெரிய மரம் எப்படிப் புதினாவுக்குச் சொந்தமாகும்? இந்தக் குடும்பத்தின் பூர்வீகம் எங்கட பக்கம்தானா? இன்னொன்று, எங்கள் வேலி முழுக்க நாயுண்ணி. தண்டும் சதுரம், இலையும் மணக்கும். அதையும் இதில் சேர்க்கலாமா? ஆடு நிற்கிற வளவு, குழையாகப் போடலாமா என்றும் யோசனை.

சுகந்தி, கோப்பாய்

அன்புள்ள சுகந்தி,

எழுத்துப் பிழை இல்லை. உங்கள் புத்தகமும் அது அச்சான காலத்துக்குச் சரியானதுதான்.

அந்தக் காலத்தில் வெர்பினேசியையும், துளசி, புதினாவின் குடும்பமான லேமியேசியையும் பிரித்தது பூவின் சூல்தண்டு. சூலகத்தின் நான்கு மடல்களுக்கு நடுவே அடியிலிருந்து எழும்பினால் லேமியேசி, உச்சியிலிருந்து எழும்பினால் வெர்பினேசி. பார்க்கச் சுலபமான அடையாளம், அதனாலேயே நெடுநாள் நிலைத்தது. 1934 இல் ஸ்வீடன்காரரான யூனெல் சூல்கள் எந்த இடத்தில் ஒட்டியிருக்கின்றன என்று வெட்டிப் பார்த்து, வெர்பினேசியின் ஒரு பெரும் பகுதி உண்மையில் லேமியேசிதான் என்றார். அது பரவலாக ஏற்கப்பட 1990கள் வரை ஆனது. பிறகு மரபணு ஆய்வும் அவர் பக்கமே நின்றது. தேக்கு, நொச்சி, குமிழ், முன்னை எல்லாம் அப்படி வந்து சேர்ந்தவை. தேக்கின் இளம் கொப்பைத் தொட்டுப் பாருங்கள், துளசித் தண்டைப் போல அதுவும் நாலு பட்டைதான். இந்தக் கலைப்பில் நம் களப்புக் கரையில் நிற்கும் கண்ணாவும் வெர்பினேசியை விட்டுப் போனது. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் ஆடாதோடையின் குடும்பம்!

வாசத்தை உறவுக்குச் சாட்சியாக எடுக்க முடியாது. வேது பிடிக்கிற நொச்சி நன்றாக மணக்கும், ஆனால் துளசிக்குத் தூரத்துச் சொந்தம். மகரந்தம் இதைவிட நல்ல சாட்சி. 1945 இல் ஏர்ட்மன் என்பவர் நுணுக்குக்காட்டியில் பார்த்து, புதினாக் குடும்பத்தில் ஒரு கூட்டத்துக்கு மகரந்தத்தில் ஆறு பள்ளங்கள், மற்றதுக்கு மூன்று என்று பிரித்தார். துளசி, புதினா, கற்பூரவள்ளி, ரோஸ்மேரி எல்லாம் ஆறு. தும்பை மூன்று. ஆகவே நம் ஒழுங்கையோரத் தும்பையைவிட, மத்தியதரைக்கடல் கரையில் முளைக்கிற ரோஸ்மேரிதான் துளசிக்குக் கிட்டின உறவு.

நுணுக்குக்காட்டி இல்லாவிட்டால் கூல்பாருக்குப் போங்கள். பலூடாவில் மிதக்கும் கசகசா துளசிப் பேரினத்தைச் சேர்ந்த ஒரு செடியின் விதை. தண்ணீர் பட்டதும் வழுவழுவென்று ஊதுகிறது. இப்போது உடம்பு மெலிய வாங்கிக் குடிக்கிற சியாவும் அப்படியே ஊதும். சியாவின் ஊர் மெக்சிக்கோவும் குவாத்தமாலாவும். இரண்டும் அந்த ஆறு பள்ளக் கூட்டம்தான். 2017 இல் ரோஸ்மேரியையும் சியாவின் பேரினமான சால்வியாவுக்குள் சேர்த்துவிட்டார்கள். சமையல்காரர்களுக்கு அதனால் ஒரு நட்டமுமில்லை.

பூர்வீகம் என்கிறீர்கள். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட இனங்களுள்ள குடும்பத்துக்கு ஒரே ஊர் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. செடி செடியாகக் கேட்டால் சொல்லலாம். துளசி நம் பக்கத்துச் செடிதான், ஆனால் அதன் பேரினத்தில் அதிக இனங்கள் இருப்பது ஆபிரிக்காவில். சளிக்குக் கசாயம் வைக்கிற கற்பூரவள்ளி கிழக்கு, தெற்கு ஆபிரிக்காவில் தானாக வளர்வது. சிங்களவர் இன்னல என்று சமைக்கிற கிழங்கும் ஆபிரிக்காவிலிருந்து வந்ததே. தேக்கு இந்தியா, மியன்மார், தாய்லாந்து, லாவோஸ் காடுகளுக்கு உரியது. இலங்கையில் நிற்கிற தேக்கெல்லாம் மனிதர் நட்டவை, வன்னியில் நிற்பதும் அப்படித்தான். நம் பாட்டிமார் வைத்தியத்தில் சேர்த்த செடி என்பதாலேயே அது இந்த மண்ணில் பிறந்தது என்று எடுத்துக்கொள்கிறோம். அதை நான் ஒப்புவதில்லை.

நாயுண்ணிக்கு வருவோம். அது இன்னும் வெர்பினேசிதான், அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. சதுரத் தண்டு அந்தக் குடும்பத்திலும் உண்டு. இலை ஆடு மாடுகளுக்கு நஞ்சு, ஈரலைத் தாக்கும். குழையாகப் போட வேண்டாம். ஆடு எட்டக்கூடிய பக்கத்தை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் கிளுவை நடுங்கள்.